பம்ப் போகவில்லை

கொடிகாமம் சந்தியிலிருந்து பருத்தித்துறை வீதியால் போனாலும் சரி, கச்சாய் வீதியால் இறங்கினாலும் சரி, பிக்கப் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. ஸ்ரேறிங்கைத் திருப்பும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டால் போதும்: "பம்ப் போட்டுது." சொல்பவர் பொனற்றைத் திறந்து பார்த்திருக்க வேண்டியதில்லை. தேங்காய்க் கடைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டு வான்காரர் சொல்வார், கராஜ் வாசலில் ரயர் உருட்டிக்கொண்டு நிற்கிற பொடியனும் சொல்வான். அடுத்த வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம்: "கொழும்பு பஞ்சிகாவத்தையில ஜப்பான் பம்ப் ஒண்டு எடுத்துப் போடுங்கோ அண்ணை, சரியாயிடும்."

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை. பம்ப் பழுதாவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா இரும்பும் ஒருநாள் தேயும். ஆனால் சத்தம் போடுகிற பம்ப் எல்லாம் பழுதான பம்ப் அல்ல. சத்தத்தின் காரணம் பல வேளைகளில் பம்புக்கு வெளியே, ஒரு தளர்ந்த கிளிப்பிலோ, காய்ந்துபோன றப்பர் குழாயிலோ, அடைத்துப்போன சல்லடையிலோ, பிழையான ஒயிலிலோ இருக்கும். அதைத் தேடாமல் பம்பை மாற்றுகிறவர் காசையும் இழக்கிறார், சில மாதத்தில் புதுப் பம்பையும் இழக்கிறார்.

ஏன் என்று விளங்கிக்கொள்ள பவர் ஸ்ரேறிங் ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இதில் மாயம் எதுவும் இல்லை. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1926-இல் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டியது இது. கிறைஸ்லர் கம்பனி 1951-இல்தான் தன் இம்பீரியல் காரில் போட்டு விற்றது. அதன் பிறகு, பம்ப் வைத்த ஸ்ரேறிங்கில் அடிப்படை மாறவே இல்லை. எஞ்சின் ஒரு சிறிய பம்பைச் சுழற்றுகிறது. பம்புக்குள் ஒரு சுழலி. அதன் வெட்டுகளுக்குள் உள்ளேயும் வெளியேயும் நழுவுகிற மெல்லிய தகடுகள். அவை தாங்கியிலிருந்து ஒயிலை உறிஞ்சி, அழுத்தி, ஸ்ரேறிங் பெட்டிக்கு அனுப்புகின்றன. வேலை முடிந்த ஒயில் மறுபடி தாங்கிக்கு வருகிறது. தள்ளுகிற பக்கத்தில், ஸ்ரேறிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால், அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐயைத் தாண்டும். உங்கள் பிக்கப் ரயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப் போல இருபது மடங்குக்கு மேல். உறிஞ்சுகிற பக்கத்திலோ, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம்.

தகடுகளுக்கு நடுவே வெறும் ஒயில் போனால் பம்ப் அமைதியாக ஓடும். காற்றுக் குமிழிகளும் சேர்ந்து போனால், அவை அழுத்தப் பக்கத்துக்கு வந்த கணத்தில் நசுங்கும். ஒயில் போதாமல் பம்ப் வெறுமையை உறிஞ்சினாலும் அதே கதிதான். ஒயிலுக்குள்ளேயே குமிழி பிறந்து நசுங்கும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிற அந்த ஊளை அங்கிருந்துதான் வருகிறது. அதாவது ஒயில் கிடைக்காத பம்ப் அழுகிறது. அழுகிற பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு பம்பைக் கொண்டுவந்து அதே பட்டினியில் விடுகிறோம்.

இங்கே எல்லோரும் ஒரு பதிலைக் கையில் வைத்திருக்கிறார்கள். "பம்ப் மாத்தினதும் சத்தம் நிண்டுதே, பிறகென்ன?" இந்தக் கேள்விதான் முழுப் பிழையான நம்பிக்கையையும் தாங்கி நிற்கிற தூண். ஆகவே இதில் சற்று நிற்கிறேன்.

பம்பை மாற்றும்போது மெக்கானிக் உண்மையில் என்னென்ன செய்கிறார்? பழைய ஒயில் வடிகிறது, புது ஒயில் போகிறது. உறிஞ்சு குழாயைக் கழற்றி மறுபடி மாட்டுகிறார். கிளிப்பை இறுக்குகிறார், சிலவேளை புதுக் கிளிப் போடுகிறார். குழாய் இணைப்பிலிருக்கும் ஓ-ரிங்கை மாற்றுகிறார். பெல்ற்றைத் தளர்த்தி மறுபடி இழுத்துக் கட்டுகிறார். கடைசியில் ஸ்ரேறிங்கை அங்குமிங்கும் திருப்பி காற்றை எடுக்கிறார். ஒரே நேரத்தில் இத்தனை வேலைகள். இவற்றில் எந்த ஒன்றும் தனியாகவே அந்தச் சத்தத்தை நிறுத்தக்கூடியது. ஆனால் பாராட்டு முழுவதும் பம்புக்குப் போகிறது, ஏனென்றால் பற்றுச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பம்ப்தான். கிளிப்புக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

வரணிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்கு வரும் ஒரு பழைய ஹைலக்ஸ் எனக்குத் தெரியும். வெள்ளை நிறம், பின்பெட்டியில் துரு தின்ற ஓரங்கள். சந்தைக்குள் அதன் வேலை ஸ்ரேறிங்குக்கு மிகக் கொடுமையான வேலை: முழுச் சுமை, எஞ்சின் மெதுவான ஓட்டத்தில், ஆட்களுக்கும் சாக்குகளுக்கும் நடுவே பின்னுக்கு எடுத்து, நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஒடித்து, மறுபடி முன்னுக்கு. சத்தம் வந்தபோது உரிமையாளர் ஒரு கராஜில் விட்டார். பம்ப் மாறியது, சத்தம் நின்றது. கொஞ்சக் காலத்தில் அதே முனகல் வந்தது. "நீங்கள் எடுத்த பம்ப் சரியில்லை, வேற எடுப்பம்" என்றார்கள். இன்னொரு பம்ப். மறுபடியும் முனகல்.

அந்த வண்டியில் காரணத்தைக் கண்டுபிடித்தவர் பம்பைத் தொடவே இல்லை. முதலில் எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். சிவப்பாகத் தெளிந்து இருக்க வேண்டிய ஒயில் மங்கிய கபில நிறத்தில், மேலே நுரை படிந்து கிடந்தது. ஒயில் நின்ற மட்டத்தைக் கவனித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் மட்டம் மெல்ல மேலே எழும்பியது. டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடு இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: எஞ்சினை நிறுத்தும்போது ஒயில் மட்டம் 5 மில்லிமீற்றருக்கு மேல் எழும்பக் கூடாது. எழும்பினால் குழாய்களுக்குள் காற்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தில் நசுங்கிக் கிடந்த குமிழிகள் அழுத்தம் போனதும் விரிகின்றன. அதுதான் அந்த எழுச்சி. காசு செலவில்லாத சோதனை இது, கருவியும் வேண்டாம். கண் மட்டும் வேண்டும்.

பிறகு அவர் தாங்கியிலிருந்து பம்புக்குப் போகிற தடித்த றப்பர் குழாயை விரலால் அமத்திப் பார்த்தார். நடுவில் சரி. பம்புப் பக்க முனையில் றப்பர் மரக்கட்டையாக இறுகியிருந்தது. கிளிப்புக்கு அடியில் நூல் போல வெடிப்பு. "இதால ஒயில் ஒழுகவே இல்லையே தம்பி" என்றார் வண்டிக்காரர். கீழே தரையில் ஒரு சொட்டும் இல்லை என்பது உண்மைதான். தம்பி எஞ்சினை ஓடவிட்டு, அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் ஒயிலை வார்த்தார். முனகல் சட்டென்று குறைந்தது. சில விநாடியில் மறுபடி வந்தது. வெடிப்புக்குள் காற்றுக்குப் பதிலாக அந்தக் கொஞ்ச ஒயில் போன நேரம் மட்டும் பம்ப் அமைதியாக இருந்தது.

"ஒழுகவில்லை, ஆகவே குழாய் நல்லது" என்ற வாதம் இங்கேதான் விழுகிறது. வெடித்த ஸ்ட்ரோவால் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள்: வெடிப்பால் இளநீர் வெளியே சிந்தாது, வாய்க்குள் காற்றுத்தான் வரும். உறிஞ்சு குழாயும் அப்படித்தான். எஞ்சின் ஓடும்போது அதற்குள் இருப்பது இழுவை, தள்ளுகை அல்ல. ஒழுக்கைத் தேடி வண்டிக்குக் கீழே படுத்தவர் ஒன்றையும் காணாமல் எழும்பி, "பம்ப்தான்" என்று சொல்லிவிடுகிறார். தேட வேண்டிய இடம் மேலே.

குழாயும் இரண்டு கிளிப்புகளும் புதிதாகப் போடப்பட்டன. தாங்கியின் அடியிலிருந்த சல்லடையில் பல வருடத்து றப்பர்த் துகளும் கரிய சேறும் படிந்திருந்தன. தாங்கியைக் கழற்றிக் கழுவினார். பழைய ஒயில் முழுக்க வெளியே போனது. அதற்குப் பிறகு அந்த ஹைலக்ஸ் சந்தைக்குள் முனகவில்லை. இரண்டாவதாகப் போட்ட பம்ப்தான் இன்னும் அதில் ஓடுகிறது. முதலாவதும் ஓடியிருக்கும். ஏன், ஜப்பானில் பூட்டி வந்த பம்பே ஓடியிருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஆனால் அது எந்தப் பழைய இரும்புக் குவியலில் கிடக்கிறதோ.

குழாயை மாற்றும்போது இன்னொரு கூத்தும் நடக்கும். கிடைத்த குழாயை வெட்டிப் போடுகிறார்கள். தண்ணீர் இறைக்கிற குழாய், றேடியேற்றர் குழாய், விட்டம் சரியாக இருந்தால் எதுவும். றேடியேற்றர் குழாயின் றப்பர் தண்ணீருக்கு உருவானது. சூடான ஒயிலில் அது ஊதி மெத்தும், உட்சுவர் உரிந்து மறுபடி சல்லடையை அடைக்கும். ஒயில் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். விலை வித்தியாசம் ஒரு தேநீர்ச் செலவுக்குக் கொஞ்சம் மேல்.

காற்றை எடுப்பதிலும் அவசரம் கூடாது. முன்சக்கரங்கள் இரண்டும் நிலத்தைத் தொடாமல் ஜக் போட்டுத் தூக்கி, எஞ்சினை ஓடவிடாமல், ஸ்ரேறிங்கை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் தாங்கியில் ஒயில் குறையாமல் பார்த்து ஊற்ற வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகுதான் எஞ்சினை எழுப்ப வேண்டும். எழுப்பின பிறகும் கரையில் ஒடித்து இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. நம் கராஜ்களில் நடப்பது இதற்கு எதிர்மாறு: ஒயிலை நிரப்பி, எஞ்சினை எழுப்பி, உறுமவிட்டு, கடைசிவரை ஒடித்துப் பிடிப்பது. காற்று ஒயிலோடு அடிபட்டு நுரையாகிவிடும். நுரை எளிதில் இறங்காது. அப்போதும் சத்தம் கேட்கும். "புதுப் பம்பும் சரியில்லை போல" என்று யாரோ சொல்வார்.

இரண்டாவது கட்சி ஒன்று உண்டு. அவர்கள் பம்பை மாற்றச் சொல்வதில்லை. "ஒயில் குறைஞ்சிருக்கும், விட்டுப்போட்டு ஓடுங்கோ." இது பாதி உண்மை, ஆகவே கூடுதல் ஆபத்து. ஒயில் குறைந்தால் சத்தம் வரும், விட்டால் நிற்கும். ஆனால் பவர் ஸ்ரேறிங் ஒயில் எரிந்து தீருகிற பொருள் அல்ல, அது மூடிய வட்டத்துக்குள் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்று அர்த்தம். றாக் வகை ஸ்ரேறிங் உள்ள வண்டிகளில், இரு பக்கமும் மடிப்பு மடிப்பாக இருக்கிற றப்பர் உறைகளை அமத்திப் பாருங்கள். உள்ளே ஒயில் தளும்பினால் றாக்கின் சீல் போய்விட்டது. கச்சாய்ப் பக்கம், கடனீரேரிக் காற்றில் நிற்கிற வண்டிகளில் இரும்புக் குழாய்கள் பிடிப்புகளுக்கு அடியில் துருப்பிடித்து ஊசித் துளை விழுகின்றன. ஒழுகுகிற ஒயில் சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும். மாதம் மாதம் ஒயில் வாங்கி ஊற்றுகிறவர் அந்த ஒழுக்கை வளர்க்கிறார்.

அது எந்த ஒயில் என்பது அடுத்த வில்லங்கம். ஹைலக்ஸ் போன்ற பெரும்பாலான ஜப்பான் பிக்கப்புகளுக்கு வேண்டியது தானியங்கிக் கியருக்கு விடுகிற டெக்ஸ்றோன் வகைச் சிவப்பு ஒயில். பல வண்டிகளில் மூடியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் மூடியை வாசிக்க முதல் போத்தல் சரிந்துவிடும்: எஞ்சின் ஒயில், கியர் ஒயில், மிஞ்சிக் கிடந்த ஏதாவது. இவை தடித்தவை, காலையில் குளிர்ந்த எஞ்சினில் பம்ப் அவற்றை உறிஞ்சத் திணறும், முனகும். பிறேக் ஒயில் விடுவது எல்லாவற்றையும் விடக் கேடு. அது கிளைக்கோல் சேர்ந்த திரவம். கனிம ஒயிலுக்கென்று செய்த சீல்களை ஊதவைத்து மெதுமையாக்கிக் கெடுக்கும். பிறகு பம்ப் மட்டுமல்ல, ஸ்ரேறிங் பெட்டியும் ஒழுகும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. 1990-களில் பொருளாதாரத் தடையின் கீழ் குடாநாட்டில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, பற்றரி இல்லை. அப்போது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் சொட்டுப் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடின. உலகம் முழுக்க அருங்காட்சியகத்துக்குப் போன கார்கள் இங்கே வாடகைக்கு ஓடின. இதை வைத்து நம்மவர்கள் மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு புராணம் பாடுவார்கள். நானும் அந்தத் திறமையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலம் இரண்டு பழக்கங்களை ஒன்றாகக் கற்றுக்கொடுத்தது. ஒன்று, மாற்றச் சாமான் இல்லாததால் எது பழுது என்று கடைசிவரை தேடுவது. மற்றது, சரியான பொருள் இல்லாததால் கிடைத்ததை ஊற்றி ஓட்டுவது. 2002-இல் ஏ9 பாதை திறந்து கொழும்புச் சாமான் வரத் தொடங்கியது, 2006-இல் மூடியது, போர் முடிந்து மறுபடி திறந்தது. சாமான் தாராளமாக வந்ததும் முதலாவது பழக்கத்தைக் கைவிட்டோம். இரண்டாவதை இன்னும் வைத்திருக்கிறோம். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

"ஜப்பான் பம்ப்" என்ற மந்திரத்தையும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். பஞ்சிகாவத்தையில் கிடைப்பது பெரும்பாலும் எங்கோ உடைத்த ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பம்ப். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எந்த ஒயிலில் ஓடியது, ஏன் அந்த வண்டி உடைபட்டது, ஒன்றும் யாருக்கும் தெரியாது. கழற்றி வடித்த நாளிலிருந்து உள்ளே ஒயில் இல்லாமல் கிடந்திருக்கிறது, சீல்கள் காய்ந்திருக்கும். கழுவி, வெள்ளிப்பூச்சு அடித்தால் புதிதாகத் தெரியும். செக்கிங் வாரண்டி என்று சில நாள் கொடுப்பார்கள். கொழும்பிலிருந்து லொறியில் வந்து, கொடிகாமத்தில் பூட்டி, காற்றெடுத்து முடிய அந்த நாட்கள் முடிந்துவிடும். உங்கள் வண்டியில் இருந்த பம்பைப் பற்றிக் குறைந்தபட்சம் உங்களுக்கு ஏதாவது தெரியும். தெரிந்த பம்பைக் கொடுத்துத் தெரியாத பம்பை வாங்குவது எந்த வகைக் கெட்டித்தனம்?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் 2022-இல் ரூபாய் சரிந்து, சாமான் விலை எல்லாம் எகிறியது. தள்ளிவிட்டிருக்க வேண்டிய பல வண்டிகள் அந்த ஐந்து வருடமும் தென்மராட்சி முழுக்க உழைத்தன, இன்னும் உழைக்கின்றன. அவற்றின் றப்பர் குழாய்களுக்கும் வண்டியின் வயதுதான். இந்த நிலையில் தேடாமல் மாற்றுவது யாருக்குக் கட்டும்?

எல்லாச் சத்தமும் காற்றுச் சத்தம் அல்ல. காலையில் எழுப்பியதும், அல்லது கடைசிவரை ஒடிக்கும்போது, கீச்சென்று கத்தினால் அது பெல்ற். பட்டை பட்டையாக வரியுள்ள பெல்ற்றென்றால் ஓடும்போது வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் இழுவை போதாது. கொஞ்ச நேரம் நின்று திரும்பி வந்தால் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. கடைசிவரை ஒடித்த நிலையில் மட்டும் உஸ்ஸென்று வருகிற சத்தம் நோயே அல்ல. மிஞ்சிய அழுத்தத்தை வால்வு திறந்து விடுகிறது. அதற்காகப் பம்ப் மாற்றியவர்களும் உண்டு!

ஸ்ரேறிங்கைத் தொடாமலே ஒரே சீராக உறுமினால் பம்பைச் சந்தேகிக்க முதல் அயலைச் சந்தேகியுங்கள்: ஓல்ரநேற்றர் பெயாரிங், இடையிலிருக்கிற கப்பி, டீசல் வண்டிகளில் ஓல்ரநேற்றரின் முதுகில் இருக்கிற வெற்றிடப் பம்ப். நீளமான ஸ்குறூ டிறைவரின் நுனியை ஒவ்வொன்றின் உடலிலும் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் எது கத்துகிறது என்று தெரியும். சுழல்கிற எதிலும் படாமல், கழுத்தில் துவாய் தொங்காமல். ஸ்ரேறிங் பம்புக்குத் தனிப் பெல்ற் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் பம்ப் குற்றமற்றது. சில டீசல் எஞ்சின்களில் பெல்ற்றே இல்லை, பற்சக்கரம்தான் பம்பை ஓட்டும்; அங்கே இந்த வித்தை பலிக்காது.

"ஸ்ரேறிங் உயிர் விசயம், சும்மா ஆராய்ச்சி செய்துகொண்டு இருக்கேலாது" என்கிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. உயிர் விசயம்தான். ஆனால் உயிரை எடுக்கிற சத்தம் முனகல் அல்ல. பம்ப் முற்றாக நின்றாலும் ஸ்ரேறிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடுப்பு இருக்கிறது. கல்லாகக் கனக்கும், ஆனால் திரும்பும். பள்ளத்தில் இறங்கும்போது டொக்கென்று அடிக்கிற சத்தம் வேறு. அது ரைறொட் முனையோ போல் ஜொயின்றோ கழன்று ஆடுகிற சத்தமாக இருக்கலாம். அது விட்டால் ஏ9-இல் முகமாலைப் பக்கம் எண்பதில் போகும்போது சக்கரம் தன் பாட்டில் போகும். முனகலுக்காகப் பம்ப் வாங்கிக் கையிருப்பை முடித்துவிட்டு, டொக்கென்ற சத்தத்தை "பழைய வண்டி, அப்பிடித்தான்" என்று விட்டுவிடுகிற எத்தனை பேரை நாம் பார்க்கிறோம்? பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பயப்பட வேண்டிய சத்தத்துக்குப் பயப்படட்டும்.

கராஜ்காரர்களை மட்டும் திட்டி இதை முடிக்க முடியாது. ஒரு மெக்கானிக் அரை நாள் மினக்கெட்டு, தாங்கியைக் கழற்றி, குழாயை அமத்தி, ஒரு கிளிப்பை மாற்றிச் சத்தத்தை நிறுத்தினால் நாம் என்ன கொடுக்கிறோம்? "ஒரு கிளிப்புக்கோ இவ்வளவு?" என்று முகம் சுழிக்கிறோம். அதே ஆள் பம்ப் ஒன்றை மாற்றிப் பெரிய தொகை கேட்டால் முணுமுணுக்காமல் எண்ணிக் கொடுக்கிறோம், கையில் பிடித்துப் பார்க்க ஒரு சாமான் இருக்கிறதே என்று. தேடுகிற வேலைக்குக் கூலி இல்லாத ஊரில் தேடுகிறவன் எப்படி மிஞ்சுவான்? கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016-இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் பிள்ளைகள் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். முறையாகச் சோதித்துக் காரணம் கண்டுபிடிக்கப் படித்த பிள்ளை நம் ஊர்க் கராஜுக்கு வந்தால், முதல் மாதமே நாம் அவனைச் சாமான் மாற்றுகிறவனாக ஆக்கிவிடுவோம்.

பம்ப் உண்மையில் போனதும் உண்டு. அதற்கும் அடையாளம் இருக்கிறது. வடித்த ஒயிலை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் பாருங்கள். உலோகத் துகள் மினுங்கினால் பம்ப் தன்னைத்தானே அரைக்கிறது. காற்றெல்லாம் எடுத்து, குழாய் மாற்றி, சரியான ஒயில் விட்ட பிறகும் கரகரத்த உறுமல் நிற்காவிட்டால், கப்பியைப் பிடித்து ஆட்டும்போது தண்டு ஆடினால், அழுத்தமானி போட்டுப் பார்க்கையில் அழுத்தம் ஏறாவிட்டால், அப்போது மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அப்போதும் தாங்கியைக் கழுவாமல், ஸ்ரேறிங் பெட்டியிலிருந்து திரும்புகிற குழாயால் பழைய ஒயிலை முழுக்க வெளியேற்றாமல் புதுப் பம்பைப் பூட்டாதீர்கள். பழைய பம்ப் அரைத்த துகள் முழுவதும் புதுப் பம்புக்குள்தான் போகும்.

ஆகவே கொடிகாமத்திலோ சாவகச்சேரியிலோ அடுத்த முறை யாராவது உங்கள் பிக்கப்பைப் பார்த்து "பம்ப் போட்டுது" என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். ஒயிலில் நுரை இருந்ததா? எஞ்சினை நிறுத்தியபோது மட்டம் எவ்வளவு எழும்பியது? உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பார்த்தீர்களா? பதில் இல்லையென்றால் பம்பைக் கழற்ற விடாதீர்கள். பதில் தேடித் தருகிறவருக்கு, அவர் மாற்றியது ஒரு கிளிப் மட்டுமே என்றாலும், மினக்கெட்ட நேரத்துக்கு முழுக் கூலி கொடுங்கள். எப்படியும் பம்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழையதை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பெரும்பாலும் அது இன்னும் நல்லாயிருக்கும்.